வெள்ளிக்கிழமை அளந்த சர்வர்கள்

சர்வர் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பெரிய நிபுணன் இல்லை. முப்பது வருடம் சர்வர்களோடு குப்பை கொட்டியவன், அவ்வளவுதான். போர்ட் கிள்ளானில் ஒரு லோரிக் கம்பெனியின் முதல் மாடியில், விரல் விறைக்கும் குளிர் அறை ஒன்றில், சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த ஸ்வெட்டரோடு நான் கீழே இறங்கிவந்தால், லோரி டிரைவர்கள், "என்ன அங்கிள், காய்ச்சலா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு உங்களில் சிலர் தேடிவந்து கேட்கிறீர்கள். சர்வரை வேகமாக்குவது எப்படி, கரண்டைக் குறைப்பது எப்படி என்று. அதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, கலர் கலராக வரைபடம் போட்டுக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. அவற்றில் எதிலும் இல்லாத ஒன்று என்னிடம் உண்டு. அது நான் செய்த ஒரு முட்டாள்தனம். நம் ஊரைத் தவிர வேறெங்கும், என்னைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருக்கிறது.

எங்கள் கம்பெனியின் வேலை, கிடங்குகளிலிருந்து கொள்கலன்களை லோரியில் ஏற்றித் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கான கணினி வேலை முழுவதையும் எட்டு சர்வர்கள் செய்தன. அந்த எட்டையும் மேய்க்க மூன்று பேர். நான் மூத்தவன். அடுத்தவர் சரஸ்வதி, எல்லோருக்கும் சரஸ். தகவல்கள் சேமிக்கப்படும் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. ரவாங்கிலிருந்து தினமும் ரயிலேறி வருவார். அதிகம் பேச மாட்டார். பேசினால் நாம் கேட்டுக்கொள்வது நமக்கு நல்லது. மூன்றாவது ஆள் ஃபைசல், கிள்ளானில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். மெஷின்களைக் கழற்றுவது, மாட்டுவது, கேபிள் இழுப்பது எல்லாம் அவன்தான். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்ததால் எந்நேரமும் சிரித்த முகமாகவே இருந்தான்.

ஒருநாள் எங்கள் இயக்குநர் மேடம் லிம் என்னைக் கூப்பிட்டார். மேடம் பேசுவது ஆங்கிலமும் மலாயும் கலந்த கலவை. உங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.

"மணியம், உங்க ரூம் ரொம்ப கரண்ட் இழுக்குதுன்னு தலைமையகம் சொல்லுது. மூணுல ஒரு பங்கு குறைக்கணும். சீனப் புத்தாண்டுக்கு முன்னாடி. முடியலன்னா ரூமை மூடிட்டு எல்லாத்தையும் சைபர்ஜெயாவுல ஒரு டேட்டா சென்டர்கிட்ட கொடுக்கப்போறாங்க."

"அப்ப நாங்க மூணு பேரும்?"

மேடம் மேசைமேல் இருந்த பூச்செடியைப் பார்த்தார். "அதையும் சேர்த்துத்தான் சொல்றேன் லா."

எனக்கு ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. எப்படியாவது ஓட்டிவிடலாம். ஆனால் சரஸின் மூத்த மகள் அந்த வருடம்தான் எஸ்.பி.எம். தேர்வு எழுதவிருந்தாள். ஃபைசலின் நிலைமையைச் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முகத்தையும் நினைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினேன். எப்பாடு பட்டாவது அந்தக் கரண்டைக் குறைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

கரண்டைக் குறைப்பதற்கு முன்னால் அளக்க வேண்டும் இல்லையா? எங்களுடையது பழைய சர்வர்கள். எவ்வளவு கரண்ட் இழுக்கிறோம் என்று தானாகச் சொல்லத் தெரியாதவை. தரைப் பலகையைத் திறந்து, ஒவ்வொரு மெஷினுக்கும் போகும் ஒயரில் மீட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் அந்த மெஷின் எவ்வளவு வேலை செய்கிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆபிஸ் மும்முரமாக நடக்கும்போது தரைப் பலகையைத் திறக்கக் கூடாது என்பது மேடம் போட்ட சட்டம்.

நம் ஊர் வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தெரியும். மதியம் பன்னிரண்டரைக்கு முஸ்லிம் நண்பர்கள் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வர இரண்டரை ஆகும். மற்றவர்கள் மட்டும் என்ன இளைத்தவர்களா? ஒரு கூட்டம் கிள்ளானுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும். இன்னொரு கூட்டம் பாக் குட் தே என்ற பன்றி எலும்பு சூப்புக்குப் போகும். ஆபிஸ் துடைத்துவைத்த மாதிரி காலியாகிவிடும். நானோ வெள்ளிக்கிழமை சைவம். வீட்டில் கட்டிக்கொடுத்த தயிர்ச்சாதத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டால், கேட்பாரில்லாத இரண்டு மணி நேரம் கையில் இருக்கும். இதைவிட நல்ல நேரம் உண்டா? மீட்டரை எடுத்தேன், பலகையைத் திறந்தேன், அளந்தேன். ஒரு வெள்ளி இல்லை, ஆறு வெள்ளி.

உங்களில் புத்திசாலிகள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அப்போது உறைக்கவில்லை. அளந்ததில் தெரிந்தது என்னவென்றால், எட்டு சர்வர்களில் பாதிக்கு மேல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. சும்மா இருக்கும் சர்வரும் கரண்ட் தின்னும். அது தின்றதெல்லாம் சூடாக வெளியே வரும். அந்தச் சூட்டைத் தணிக்க ஏர்கோன் இன்னொரு பங்கு தின்னும். ஆக, வேலை செய்யாதவனுக்குச் சம்பளமும் கொடுத்து விசிறியும் வீசிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு ஒரே கோபம். எட்டு சர்வர் வேலையை மூன்றில் அடக்கிவிடலாம், இரண்டு ஏர்கோனில் ஒன்றை அணைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அழகான அறிக்கை ஒன்று எழுதினேன். முதல் பக்கத்திலேயே 'ஆறு வாரத் தொடர் அளவீட்டின் அடிப்படையில்' என்று போட்டேன். அதைப் படித்துப் பார்த்த சரஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேற நாள்லயும் ஒருதடவ பாத்துருவோமாண்ணே?"

"ஆறு வாரம் பார்த்தாச்சும்மா. எல்லா வாரமும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றேன். எல்லா வெள்ளிக்கிழமையும் ஒரே மாதிரிதானே இருக்கும்! நான் எந்த நேரத்தில் அளந்தேன் என்று அந்த அறிக்கையில் எழுதவே இல்லை. மறைக்கவில்லை, அது எழுதவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. சரஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேருமாக வேலையை முடித்தோம். எல்லாவற்றையும் மூன்று சர்வர்களுக்கு மாற்றினோம். மீதி ஐந்தையும் ஃபைசல் கழற்றி, தள்ளுவண்டியில் வைத்துக் கீழே கிடங்குக்குக் கொண்டுபோனான். ஓர் ஏர்கோனை அணைத்தோம். அறையில் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். மேடம் அறிக்கையைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, எதிரே வந்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறேன். மாலை வாங்கிப் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

திங்கட்கிழமை வந்தது. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம். விடுமுறைக்கு முன்னால் சரக்கை அனுப்பிவிட வேண்டும் என்று ஊரே துடிக்கிற வாரம். அன்று இரண்டு கப்பல்கள். இரண்டுக்கும் மாலை நான்கு மணிக்குள் கொள்கலன்கள் துறைமுகத்துக்குள் போய்விட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்தது விடுமுறைக்குப் பிறகுதான்.

காலை பத்து மணிக்கு என் தொலைபேசி அலறியது. கீழே கேட் கவுண்டரில் இருக்கும் அக்கா. அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டிரைவர் முதல் மேடம் வரை எல்லோருக்கும் அவர் கேட் அக்காதான்.

"அங்கிள்! ஸ்லிப் வர மாட்டேங்குது லா! அரை மணி நேரமா சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. வெளியில அம்பது லோரி நிக்குது. என்னைய கடிச்சுத் தின்னுருவானுங்க போல!"

ஸ்லிப் என்பது லோரி எங்கள் வளாகத்தை விட்டு வெளியேறத் தேவையான சீட்டு. எங்கள் சிஸ்டத்திலிருந்து அச்சாகி வந்தால்தான் துறைமுகத்தில் ஏற்பார்கள். கையால் எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் லோரிகள் வளைந்து வளைந்து பின்வாசல்வரை நின்றன. சில டிரைவர்கள் இறங்கி நின்று எங்கள் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று சர்வர்களும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. இதைவிட அதிகமாக வேலை செய்ய எந்த மெஷினாலும் முடியாது. என் அறிக்கைப்படி அவை அப்போது ஓய்வாக இருந்திருக்க வேண்டும்.

"எப்பண்ணே அளந்தீங்க?" என்று கேட்டான் ஃபைசல்.

"வெள்ளிக்கிழமைதான். மதியம். நீ பள்ளிவாசலுக்குப் போற நேரத்துல."

அவன் சிரித்த முகம் அன்றுதான் முதல்முறையாக வாடியதைப் பார்த்தேன். "நான் மட்டுமாண்ணே போறேன்? கம்பெனியே போகுதுண்ணே! ஆளே இல்லாத நேரத்துல அளந்துட்டு, மெஷின் சும்மா இருக்குன்னு எழுதிட்டீங்களா?"

அவமானம் என்றால் என்னவென்று எனக்கு அந்த நிமிடம் தெரிந்தது. ஆனால் அவமானப்பட்டு உட்கார நேரமில்லை.

"அந்த அஞ்சையும் தூக்கிட்டு வந்து மாட்டிருவோம்" என்று ஃபைசல் கீழே ஓடினான். ஐந்தாவது நிமிடம் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான். எங்கள் கிடங்குக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் படுவதையெல்லாம் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிடுவார்கள். ஐந்து சர்வர்களையும் பலகையில் அடுக்கி, சுற்றோ சுற்றென்று சுற்றி, அதற்கு முன்னால் உயரமாக வேறு சரக்கையும் அடுக்கிவைத்திருந்தார்கள். எடுத்து, பிரித்து, மாட்டி, ஏர்கோனை மறுபடி போட்டு, எல்லாவற்றையும் மாற்றி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று மூன்று பேரும் மனதுக்குள் கணக்குப் போட்டோம். நான்கு மணி தாண்டிவிடும்.

சரஸ் அதற்குள் தன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் கண் முழுக்கத் திரையில் இருந்தது. "அண்ணே, இங்க வாங்க. இவ்வளவு வேலையும் என்னன்னு பாருங்க. எல்லாம் ஒரே கேள்வி."

சர்வர்களிடம் ஓயாமல் வந்துகொண்டிருந்த கேள்வி, 'லோரி எங்கே இருக்கிறது?' என்பதுதான். எங்கள் ஆபிஸில் எல்லோரும் பார்க்கும் திரை அது. ஐந்து வினாடிக்கு ஒருமுறை அது தானாகவே சர்வரிடம் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். அந்த ஐந்து வினாடியை வைத்தது யார்? நானேதான். 'திரையில் பழைய தகவல் காட்டுகிறது' என்று யாரோ எப்போதோ குறைசொன்னதற்காக வைத்துவிட்டு, அத்தோடு மறந்துபோனவன் நான்.

சரஸ் கேட் அக்காவை அழைத்து, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். "அக்கா, அந்த லோரி ஸ்கிரீன் எத்தன டேப் தொறந்து வச்சிருக்கீங்க?"

"இருவது இருக்கும்மா. ஒரு லோரிக்கு ஒன்னு."

"பாத்தது முடிஞ்சதும் மூட மாட்டீங்களா?"

"மூடிட்டா திரும்பத் தொறக்க ரொம்ப நேரமாகுது லா. அதான் யாருமே மூடுறதில்ல. மேல ஆபிஸ்லயும் அப்படித்தான். சும்மா கெடக்கட்டும்னு வுட்ருவோம்."

சரஸும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்று யாரும் டேப்பை மூடுவதில்லை. யாரும் மூடாததால்தான் சிஸ்டம் மெதுவாக இருக்கிறது. இத்தனை வருடம் எட்டு சர்வர்களும் வேலை செய்தது பெரும்பாலும் யாரும் பார்க்காத டேப்புகளுக்காக. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் ஏன் அமைதியாக இருந்தன தெரியுமா? கணினி தூங்கினால் அதிலிருக்கும் டேப்பும் தூங்கிவிடும். பத்து நிமிடம் ஆளில்லாவிட்டால் மேசைக் கணினிகள் தூங்கிவிட வேண்டும் என்று கரண்டை மிச்சப்படுத்த ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தோம். கீழே கையெழுத்து யாருடையது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்வது? புதுப்பிக்கும் நேரத்தை உடனே மாற்றினோம். ஆனால் ஏற்கெனவே திறந்துகிடக்கும் டேப்புகளுக்கு அது தெரியாது. பழையபடி ஐந்து வினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டேதான் இருக்கும். மாடி ஆபிஸின் இணைப்பை மொத்தமாகத் துண்டிக்கலாமா என்று ஃபைசல் கேட்டான். முடியாது. மாடியில் இருப்பவர்கள் அதே திரையில் ஆவணத்தைச் சரிபார்த்து அனுப்பினால்தான் கீழே ஸ்லிப் வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு டேப் வேண்டும். இருபதுதான் வேண்டாம். ஆக, ஒவ்வொருவரும் தங்கள் கையால் மூடியாக வேண்டும்.

உடனே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். கணினிகளெல்லாம் உறைந்துகிடக்கும்போது அதை யார் படிப்பார்கள்? சிரிக்காதீர்கள். பதற்றத்தில் நீங்களும் இதைத்தான் செய்வீர்கள்.

கடைசியில் மூன்று பேரும் கேட் கவுண்டருக்கு ஓடினோம். டிரைவர்களைக் கூப்பிட அங்கே ஒரு மைக் உண்டு. அதில் பேசினால் வளாகம், கிடங்கு, மாடி ஆபிஸ் எல்லா இடத்திலும் கேட்கும். மேடம் அறை வாசலுக்கு நேர்மேலேயே ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அக்கா மைக்கை என் பக்கம் நகர்த்தினார். நான் அதைக் கையில் எடுத்தேன்.

நம் தொழிலில் ஒரு பொய் எல்லோருக்கும் கைவசம் உண்டு. 'நெட்வொர்க் பிராப்ளம்.' யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். அது வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் அப்படிச் சொன்னால் ஆபிஸ்காரர்கள் என்ன செய்வார்கள்? நெட்வொர்க் பிராப்ளம் என்றதும் எதையும் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். பல வருடமாக அப்படித்தான் பழக்கிவைத்திருக்கிறோம். ஒரு டேப்கூட மூடப்படாது. உண்மையைச் சொன்னால்தான் மூடுவார்கள். உண்மையைச் சொன்னால் மேடம் காதிலும் விழும். தலைமையகத்துக்குப் போன அறிக்கை குப்பை என்று ஆகிவிடும்.

"சொன்னா நம்ம மூணு பேர் கதையும் முடிஞ்சுரும், சரஸ்" என்றேன்.

"சொல்லலன்னா நாலு மணிக்கு முடியும்ணே. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் சரஸ். வேலை போகவிருப்பது தனக்கும்தான் என்று தெரிந்தே சொன்னார். அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் மைக்கை அழுத்தினேன்.

"எல்லாரும் கேளுங்க. நான் சர்வர் ரூம் மணியம். சிஸ்டம் ஜாம் ஆனதுக்குக் காரணம் நெட்வொர்க் இல்ல, நான்தான். கரண்ட் மிச்சம் பண்ணப்போறேன்னு சனிக்கிழமை அஞ்சு மெஷினைக் கழட்டிட்டேன். தப்பா அளந்துட்டேன். இப்ப நீங்கதான் காப்பாத்தணும். லோரி ஸ்கிரீன்ல ஒரே ஒரு டேப் வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் மூடிருங்க. மூடினா திரும்பத் தொறக்காதுன்னு பயப்படாதீங்க. எல்லாரும் மூடினா உடனே தொறக்கும்."

இதையே மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். பதற்றத்தில் எந்த மொழியில் எந்த வார்த்தை விழுந்தது என்று நினைவில்லை. பேசி முடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யார் முதலில் மூடுவது என்று எல்லோரும் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

கேட் அக்கா பெருமூச்சு விட்டார். "சரி அங்கிள், உங்கள நம்பி நான் மூடுறேன். ஒன்னு..." என்று சொல்லி ஒரு டேப்பை மூடினார். "ரெண்டு... மூணு..."

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். அக்கா எண்ணியது ஊருக்கே கேட்டது. ஐந்தாவது எண்ணும்போது வெளியே டிரைவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எட்டாவதுக்கு அவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். "பத்து!" என்று ஐம்பது தொண்டைகள் கத்தின. ஒருவர் ஹார்னும் அடித்தார். மாடியிலிருந்தும் யாரோ கூடவே எண்ணும் சத்தம் கேட்டது. அக்காவுக்கு வெட்கமும் உற்சாகமும் தாங்கவில்லை. பத்தொன்பதை அரசியல்வாதி மாதிரி இழுத்துச் சொன்னார்.

அவர் அந்த எண்ணிக்கையை முடித்து ஒரு நிமிடம்கூட இருக்காது. அச்சுப்பொறி ஒருமுறை இருமியது. பிறகு கரகரவென்று முதல் ஸ்லிப் வெளியே வந்தது. டிரைவர்கள் விசில் அடித்தார்கள். ஃபைசல் அக்காவைக் கட்டிப்பிடிக்கப் போய், நல்லவேளையாக என்னைக் கட்டிப்பிடித்தான்.

நான்கு மணிக்குள் மூன்று கொள்கலன்களைத் தவிர எல்லாம் உள்ளே போய்விட்டன. கப்பலைத் தவறவிட்ட அந்த மூன்று டிரைவர்களிடமும் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் சொன்னது அத்தனையும் நியாயம்.

நான்கரைக்கு மேடம் கூப்பிட்டார். மேசைமேல் என் அறிக்கை இருந்தது. "ஆறு வாரம் அளந்ததா எழுதியிருக்கீங்களே?"

"ஆறு வெள்ளிக்கிழமை, மேடம். மதியம் பன்னிரண்டரைலருந்து ரெண்டரை."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நேரத்துல நான் கிள்ளான்ல பாக் குட் தே சாப்பிட்டுட்டிருப்பேன். என்னை அப்ப அளந்திருந்தீங்கன்னா, இந்தப் பொம்பள ஒரு வேலையும் செய்யலன்னு என்னையும் கழட்டிப் பிளாஸ்டிக் சுத்தியிருப்பீங்க இல்ல?"

சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். மேடம் தலைமையகத்தை அழைத்து, என் கண்ணெதிரிலேயே அறிக்கையைத் திரும்பப் பெற்றார். ஹரி ராயாப் பெருநாள்வரை அவகாசம் வாங்கினார். தப்பு என்னுடையது என்று அவர் அங்கே சொல்லவே இல்லை. 'அளவீட்டில் ஒரு குறை' என்று மட்டும் சொன்னார். நான் அவருக்குக் கடன்பட்டவன்.

பிறகு செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து சர்வர்களும் பிளாஸ்டிக்கிலிருந்து மீண்டு பழைய இடத்துக்கு வந்தன. சரஸ் அந்த லோரித் திரையை மாற்றி எழுதினார். இப்போது நூறு பேர் பார்த்தாலும் கேள்வி ஒருமுறைதான் போகும். லோரி நகர்ந்தால் மட்டுமே புதுத் தகவல் வரும். மூடினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்துகொள்ளும். அதனால் யாரும் டேப்புகளைச் சேர்த்துவைப்பதில்லை. அதற்குப் பிறகு அளந்தோம். திங்கட்கிழமை காலை, மாதக் கடைசி, பெருநாளுக்கு முந்தைய வாரம் என்று எந்தெந்த நாளில் அடி விழுமோ அந்தந்த நாளாகப் பார்த்து அளந்தோம். நான்கு சர்வர்கள் போதும் என்று வந்தது. கரண்ட், கேட்டதைவிட அதிகமாகவே குறைந்தது. சைபர்ஜெயா பேச்சு அத்தோடு நின்றது.

இங்கேயே முடித்துவிட்டால் நல்ல கதை. ஆனால் தலைமையகம் ஒரு படிவம் அனுப்பியது. அதில் கடைசிக் கேள்வி: 'இந்த அறையை நடத்த எத்தனை பேர் தேவை?'

இரண்டு நாள் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிஸ்டம் ஒழுங்காக ஓடியது. தொலைபேசி அடிப்பதே குறைந்துவிட்டது. காலையில் தே தாரிக் குடித்துவிட்டு வந்தால் மதியம்வரை எனக்கு வேலையில்லை. நேர்மையாக அளந்தால் வரும் எண் எனக்குத் தெரியும். என்மேல் கோபம் வந்தது. அந்தத் திரையை அவ்வளவு சுத்தமாக எழுதித்தொலைத்த சரஸ்மேலும் வந்தது. பிறகு 'இரண்டு' என்று எழுதினேன்.

மேடம் படித்துவிட்டு நிமிர்ந்தார். "மூணுன்னு போட்டா யாரும் கேக்க மாட்டாங்க, மணியம்."

"ஒருதடவ தப்பான அளவு கொடுத்துட்டேன், மேடம்."

"எந்த ரெண்டு பேர்?"

"சரஸ்வதி, ஃபைசல்."

நான் தியாகி இல்லை. அன்று ரயிலில் போர்ட் கிள்ளானிலிருந்து வீடுவரை, 'மூன்று' என்றே எழுதியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே போனேன். சரஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபைசல் என் நாற்காலியை வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று சின்னப்பிள்ளைபோல அடம்பிடித்தான். இன்னும் ஒரு வருடம் கழித்து வரவேண்டிய ஓய்வு அந்த மாதமே வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மெஷின் எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாவிட்டால், அதை அணைத்துவிட்டு யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பது. கத்தினால் தேவை, கத்தாவிட்டால் தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்த முதல் வாரம் நானும் அப்படித்தான் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். திங்கள் யாரும் கத்தவில்லை. செவ்வாயும் இல்லை. புதனன்று தொலைபேசி கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, என் மனைவியை அதற்கு அழைத்துப் பார்க்கச் சொன்னேன். நன்றாகவே அடித்தது.

சனிக்கிழமை சரஸ் அழைத்தார். பாய்ந்து எடுத்தேன்.

"என்னாச்சும்மா? எந்த மெஷின்?"

"ஒன்னும் ஆகலண்ணே. எல்லாம் நல்லா ஓடுது."

"ஸ்லிப் வருதா? அக்கா ஏதாவது சொன்னாங்களா?"

"எல்லாம் வருதுண்ணே. ஒரு பிரச்சனையும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கலாம்னு."

நிஜமாகவே ஒன்றும் இல்லையா என்று மூன்று முறை கேட்டேன். நிஜமாகவே இல்லை என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கண் கலங்கியது அதனால் இல்லை. அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். சர்வர் என்ற வார்த்தை அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை.